பத்து ஆட்ட முன்னிலை கரைந்த கோடை: சியாட்டில் மரைனர்ஸ், 2024

பந்து வீச்சில் முதல் வரிசை, ரன் எடுப்பதில் பின்வரிசை. இந்த இரண்டும் ஒரே அணியில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024ஆம் ஆண்டின் சியாட்டில் மரைனர்ஸ் பேஸ்பால் அணி நல்ல சான்று. அந்த ஆண்டு ஜூன் 18 அன்று 44 வெற்றி, 31 தோல்வியோடு தன் பிரிவில் பத்து ஆட்டம் முன்னால் நின்ற அணி, அடுத்த 24 ஆட்டங்களுக்குள் அந்த முன்னிலை முழுவதையும் தொலைத்தது. இவ்வளவு பெரிய முன்னிலையை இவ்வளவு சீக்கிரம் கோட்டைவிட்ட அணி அதற்கு முன் இல்லை.

எப்படி நடந்தது, நிர்வாகம் என்ன செய்தது, ரசிகர்கள் அதை எந்தப் பழைய ஆண்டோடு ஒப்பிட்டார்கள், அந்த ஒப்பீடு எந்த அளவுக்குச் சரி என்பவற்றை இந்தக் குறிப்பு வரிசையாகப் பதிவு செய்கிறது. 2024 முடிவுகளில் தொடர்புடையவர்களைப் பெரும்பாலும் பதவியால் மட்டுமே குறித்திருக்கிறேன். பழைய நாயகர்களின் பெயர்கள் அப்படியே வருகின்றன. அவர்கள் பெயர் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பின்னணி

மரைனர்ஸ் 1977இல் தொடங்கிய அணி. வட அமெரிக்காவின் மேல்மட்டப் பேஸ்பால் போட்டியான பெரிய லீகில், இறுதிப் போட்டியான உலகத் தொடரில் இன்றுவரை ஒருமுறைகூட ஆடாத ஒரே அணி இதுதான். 2001இல் 162 ஆட்டங்களில் 116ஐ வென்று, சிகாகோ கப்ஸ் 1906இல் வைத்த சாதனையைச் சமன் செய்தது. ஆனால் அதன் பிறகு 20 சீசன்கள் பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. 2022இல்தான் அந்த வறட்சி முடிந்தது.

2023இல் 88 வெற்றி பெற்றும் ஒரே ஒரு ஆட்டத்தில் பிளே ஆஃப் வாய்ப்பு போனது. சீசன் முடிந்ததும் பேசிய பேஸ்பால் செயல்பாட்டுத் தலைவர், பத்தாண்டுக் காலத்தில் 54 சதவீத ஆட்டங்களை வெல்கிற அணி பொதுவாக உலகத் தொடருக்குப் போய்விடும் என்ற பொருளில் ஒரு கணக்குச் சொன்னார். கணக்காகப் பார்த்தால் அதில் பெரிய தப்பில்லை. இருபது வருடம் காத்திருந்தவர்களிடம் சொல்லக் கூடாத கணக்கு அது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார் என்றாலும், "54" என்ற எண் சியாட்டிலில் அன்றிலிருந்து கேலிச் சொல்லாகிவிட்டது.

அடுத்து வந்த குளிர்காலத்தில் நிர்வாகம் எடுத்த முடிவுகள்தான் இந்த நிகழ்வின் உண்மையான தொடக்கம். 2023இல் அணியின் இரண்டு பேட்டர்கள் ஆளுக்கு 200 முறைக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆகியிருந்தார்கள். ஸ்ட்ரைக் அவுட் ஆனால் பந்து களத்துக்குள்ளேயே வராது. பீல்டர் தவறவிட வாய்ப்பில்லை, பேஸில் (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு முனைகளில் ஒன்றில்) நிற்கும் ரன்னர் முன்னேறவும் வழியில்லை. ஆகவே அந்த இருவரையும் விட்டுவிடுவது என்று முடிவானது. ஒருவர் அரிசோனாவுக்கு மாற்றப்பட்டார், இன்னொருவரை ஒப்பந்தம் முடிந்ததும் போகவிட்டார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சி ஒளிபரப்பு வருமானம் ஆட்டம் கண்டிருந்த நேரம் என்பதால், சம்பளச் செலவைக் கட்டுக்குள் வைக்கும் நோக்கமும் இதில் கலந்திருந்தது. அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் அனுபவசாலிகள்தான். ஆனால் சற்று மலிவாகக் கிடைத்தவர்கள், உடல்நிலையில் கேள்விக்குறி உள்ளவர்கள்.

ஜூன் வரை கண்ணில் பட்டவை

ஐந்து தொடக்கப் பிட்ச்சர்களும் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்து வீச்சாளர்கள்) அபாரமாக வீசினார்கள். சீசன் முழுவதற்குமாக அந்த ஐவர் வரிசை ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 3.38 ரன்தான் கொடுத்தது. பெரிய லீகின் முப்பது அணிகளில் அதுவே மிகக் குறைவு. ஜூன் வரை கிடைத்த வெற்றிகளில் பல, ஒரு ரன் வித்தியாசத்தில் இழுத்துப் பிடித்தவை. முன்னிலை பத்து ஆட்டமாக இருந்தபோதே, இது பேட்டர்கள் சம்பாதித்த முன்னிலை இல்லை என்று கவனமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது. நிர்வாகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்: அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்த பேட்டிங் ஒருங்கிணைப்பாளரை மே 31 அன்றே, அணி முதலிடத்தில் இருக்கும்போதே, வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள்.

ஸ்ட்ரைக் அவுட்டைக் குறைக்கத்தான் அவ்வளவு மாற்றமும். நடந்தது நேர்மாறு. சீசன் முடிவில் கணக்கெடுத்தபோது 1,625 ஸ்ட்ரைக் அவுட். அந்த ஆண்டு லீகிலேயே அதிகம், அணியின் சொந்த வரலாற்றிலும் அதிகம். ஓர் ஆட்டத்துக்குப் பத்து என்று வருகிறது. ஒன்பது இன்னிங்ஸில் ஓர் அணிக்கு உள்ள அவுட்டே 27தான். அதில் பத்து, பந்து மட்டையில் சரியாகப் படாமலே வீணாகிறது. அணியின் பேட்டிங் சராசரி .224, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 224 ஹிட். போனவர்களின் ஸ்ட்ரைக் அவுட்டுகள் வந்தவர்களிடமும் இருந்தன. போனவர்களின் ஹோம் ரன்கள்தான் (வேலி தாண்டும் அடிகள்) வந்தவர்களிடம் இல்லை.

கிரிக்கெட் பழகிய நம் கண்ணுக்கு இதை இப்படிச் சொல்லலாம்: எதிரணியை 150க்குள் சுருட்டிக் கொடுத்துவிட்டு, தன் முறை வரும்போது 140இல் மூட்டை கட்டுகிற அணி. அதுவும் வாரத்துக்கு ஆறு நாள். அணியின் முக்கியப் பிட்ச்சர் ஒருவர் அந்த ஆண்டு 208 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, சராசரி 3.23இல் நின்று, 9 வெற்றி 12 தோல்வி என்ற கணக்கோடு சீசனை முடித்தார்.

சரிவு

ஜூன் 18க்குப் பின் பிட்ச்சர்கள் ஓரளவு சராசரிக்கு இறங்கியதும், தாங்கிப் பிடிக்க வேறெதுவும் இல்லாமல் போனது. ஜூலை 21 அன்று நட்சத்திர வெளிக்கள ஆட்டக்காரர் சுவரில் மோதிக் கணுக்காலில் அடிபட்டார். மறுநாள் ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையில் நிற்பவர்) விரலைப் பந்து தாக்கி எலும்பு முறிந்தது. ஏற்கனவே மெலிந்திருந்த பேட்டிங் வரிசையில் முதல் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் இல்லை.

ஜூலைக் கடைசியில் இரண்டு பேட்டர்களை வேறு அணிகளிலிருந்து வாங்கினார்கள். நல்ல தேர்வுகள்தான். ஆகஸ்டில் ஒன்பது ஆட்ட வெளியூர்ப் பயணத்தில் ஒன்றை வென்று எட்டைத் தோற்றுத் திரும்பியபோது கணக்கு 64க்கு 64 என்று நின்றது.

ரசிகர்களின் நினைவில் இருந்த ஆண்டுகள்

சியாட்டிலில் நினைவு என்பது பேச்சில் மட்டும் இருப்பதில்லை. அரங்கின் தெற்குப் பக்கச் சாலைக்கு எட்கர் மார்ட்டினெஸ் பெயர் வைத்திருக்கிறார்கள். வாசலில் கென் கிரிஃபி ஜூனியருக்குச் சிலை, எட்கருக்கும் சிலை. உள்ளே வந்து உட்காரும்முன்பே 1995ஐக் கடந்துதான் வர வேண்டும்.

1995 ஆகஸ்டில் 13 ஆட்டம் பின்தங்கியிருந்த அணி, துரத்திப் பிடித்து முதன்முறையாகப் பிளே ஆஃப் போனது. நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்று, ஐந்தாவது ஆட்டம்வரை இழுத்தது. அக்டோபர் 8. பதினொன்றாவது இன்னிங்ஸ், 5-4 என்று யாங்கீஸ் முன்னிலை. மூன்றாம் பேஸில் ஜோயி கோரா, முதல் பேஸில் கிரிஃபி. எட்கர் இடது பக்கக் கோட்டை ஒட்டி அடித்த டபுளில் (அடித்தவர் இரண்டாம் பேஸை எட்டும் அடி) கோரா வந்தார். முதல் பேஸிலிருந்து ஓடத் தொடங்கிய கிரிஃபியும் நிற்காமல் வந்து, ரன் முடியும் முனையான ஹோமில் சறுக்கினார். மரைனர்ஸ் 6-5 என்று வென்றது. அந்த ஒரு அடி ஊரில் பேஸ்பாலையே காப்பாற்றியது என்பார்கள். மிகையில்லை, புது அரங்கத்துக்கான அரசு நிதி அந்த இலையுதிர்காலத்து உற்சாகத்தில்தான் நிறைவேறியது.

இந்தக் கதையில் எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு துண்டு உண்டு. அதே ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், பேஸில் ஆள் இருக்க, ஆட்டம் சமநிலையில் இருக்க, அதே பிட்ச்சரிடம் எட்கர் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். இரண்டு இன்னிங்ஸ் கழித்து வந்த டபுள் அதை அழித்துவிட்டது. 2024இல் ஒவ்வொரு ஸ்ட்ரைக் அவுட்டுக்கும் அரங்கம் முனகியபோது, "அந்தக் காலத்தில் இப்படியா?" என்ற கேள்விக்குள் ஒளிந்திருந்தது இப்படி வடிகட்டப்பட்ட நினைவுதான்.

1996இல் அணி 993 ரன் எடுத்தது. 2001இல் 927. 2024இல் 676. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் 1996இல், பெரிய லீகின் இரு பாதிகளில் மரைனர்ஸ் ஆடும் பாதியான அமெரிக்கன் லீக் முழுவதுமே ஆட்டத்துக்கு 5.39 ரன் எடுத்துக்கொண்டிருந்தது. 2024இல் பெரிய லீகின் சராசரி 4.39. பேட்டிங் சராசரியும் லீக் முழுக்கவே .243க்கு இறங்கி, 1968க்குப் பிந்தைய மிகத் தாழ்ந்த மட்டத்தில் இருந்தது. எல்லார் வீட்டுக் கிணறும் வற்றிய ஆண்டு. அதில் மரைனர்ஸ் கிணறு இன்னும் கொஞ்சம் ஆழத்தில் என்பதுதான் சரியான கணக்கு: ஆட்டத்துக்கு 4.17.

அரங்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பியூஜட் சவுண்ட் கடற்காலுக்கு அருகில், குளிர்ந்த காற்றில், பந்து தூரம் போகாத இடம் அது. கூரை மூடினாலும் பக்கங்கள் திறந்தே இருப்பதால் குளிர் உள்ளே வரும். 2013க்கு முன் வேலியை உள்ளே தள்ளிப் பார்த்தார்கள். அதன் பிறகும் பேட்டர்களுக்குக் கடினமான அரங்கங்களில் ஒன்றாகவே இருக்கிறது. நல்ல பேட்டர்கள் சியாட்டிலுக்கு ஒப்பந்தம் போடத் தயங்குவதற்கும் இது ஒரு காரணம். "2001இல் இதே அரங்கத்தில்தானே 927 எடுத்தார்கள்?" என்று பழைய ரசிகர்கள் மடக்குவார்கள். நியாயமான கேள்வி. அரங்கம் ஒரு பங்கைத்தான் விளக்கும், முழுவதையும் அல்ல.

2024க்குச் சரியான ஒப்பீடு வேறு ஆண்டில் இருந்தது. 2010இல் மரைனர்ஸ் 162 ஆட்டங்களில் எடுத்தது வெறும் 513 ரன். அமெரிக்கன் லீகில் பிட்ச்சருக்குப் பதில் தனி பேட்டர் இறங்கும் விதி 1973இல் வந்தபின், முழு சீசன் ஆடிய எந்த அணியும் அங்கே அவ்வளவு கீழே போனதில்லை. அந்த ஆண்டு ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 2.27 என்ற சராசரியோடு லீகின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை வென்றார். அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு 13-12. அதே ஆண்டுதான் கிரிஃபி, .184 சராசரியோடு, ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல் ஜூன் 2 அன்று ஓய்வு பெற்றார். சிலை வைத்த ஊர் அந்தக் கடைசி இரண்டு மாதத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இளைய ரசிகர்களுக்கு இன்னொன்று நினைவில் இருந்தது. 2022 அக்டோபர் 15. இருபத்தோரு ஆண்டுக்குப் பின் சொந்த அரங்கில் பிளே ஆஃப் ஆட்டம், ஹூஸ்டனோடு. பதினெட்டு இன்னிங்ஸ், ஆறு மணி நேரத்துக்கு மேல். பதினெட்டாவதில் ஹூஸ்டன் ஒரு ஹோம் ரன் அடித்து 1-0 என்று வென்றது. கிட்டத்தட்ட இரண்டு முழு ஆட்டம் அளவுக்குப் பிட்ச்சர்கள் எதிரணியைப் பூஜ்யத்தில் கட்டிப்போட்டும் மட்டையிலிருந்து ஒரு ரன் வரவில்லை. நோய் எதுவென்று கேட்டால் அந்த ஒரு ஆட்டம் போதும். 1995ஐ நினைத்தவர்கள், இவர்களுக்குப் போராடும் குணம் இல்லை என்றார்கள். 2010ஐயும் 2022ஐயும் நினைத்தவர்கள், பிட்ச்சர்களுக்குப் பக்கபலமாகப் பேட்டர்களை வாங்கவில்லை என்றார்கள். என் கருத்தில் இரண்டாமவர்கள் சொன்னதே சரி.

ஆகஸ்ட் 22: முடிவும் காரணமும்

ஒன்பது ஆண்டுகளாக இருந்த மேலாளரையும் (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளர்), பேட்டிங் பயிற்சியாளரையும் ஆகஸ்ட் 22 அன்று நீக்கினார்கள். ஆட்டக்காரர்களை நடுவில் மாற்றும் காலக்கெடு ஜூலையோடு முடிந்துவிட்டது. மீதி 34 ஆட்டம். மாற்றக்கூடியதாக மிஞ்சியிருந்தது டக்அவுட்தான், அதாவது களத்தோரம் உட்காரும் பயிற்சியாளர்கள்.

அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் யார் என்பதுதான் சுவாரசியம். மேலாளராக டான் வில்சன், பேட்டிங் பயிற்சியாளராக எட்கர் மார்ட்டினெஸ். முன்னவர் 1995 அணியின் கேட்ச்சர் (விக்கெட் கீப்பர் போல, பேட்டருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்). பின்னவர் அந்த டபுளை அடித்தவர். வில்சனுக்குப் பெரிய லீகில் மேலாளர் அனுபவம் கிடையாது. ரசிகர்களின் நினைவையே ஆளாக அனுப்பி வைத்தது போலிருந்தது. கோபத்தைத் தணிக்கும் தந்திரம் என்று பலர் சொன்னார்கள், அதில் உண்மையும் இருக்கலாம்.

ஆனால் எட்கரைக் கூப்பிட்டதற்கு ஆட்டரீதியான காரணமும் இருந்தது. வாழ்நாள் சராசரி .312, பேஸை அடைந்த விகிதம் .418. இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் வீச்சைச் சுருக்கி, பந்து வந்த திசையிலேயே எதிர்ப்பக்கத்துக்குத் தட்டிவிடுவது அவர் கைவந்த கலை. ஆட்டத்துக்குப் பத்து ஸ்ட்ரைக் அவுட் ஆகும் அணிக்கு வேண்டியது அதுதான். 2015 முதல் 2018 வரை இதே வேலையை இதே அணிக்குச் செய்தும் இருந்தார்.

இந்த முடிவில் கறை ஒன்று உண்டு. நீக்கப்பட்ட செய்தி மேலாளருக்கு நிர்வாகத்தின் வாயால் போய்ச் சேருவதற்கு முன் ஊடகத்தில் வெளியாகிவிட்டது. ஒன்பது வருடம் வேலை பார்த்தவர், தன் வேலை போனதைச் செய்தியாகத் தெரிந்துகொண்டார்.

அதன் பிறகு

புதிய மேலாளரின் கீழ் 34 ஆட்டங்களில் 21 வெற்றி, 13 தோல்வி. ரன் வரத்து கண்ணுக்குத் தெரிய உயர்ந்தது. கணுக்கால் காயத்திலிருந்து நட்சத்திர ஆட்டக்காரர் திரும்பியிருந்தார், ஜூலையில் வாங்கிய இருவரும் நிலைகொண்டிருந்தார்கள். ஆகவே உயர்வு முழுவதையும் பயிற்சியாளர் கணக்கில் எழுதுவது சரியல்ல. 34 ஆட்டம் எதையும் நிரூபிக்கப் போதாது.

பழைய நோய் அவ்வப்போது தலைகாட்டியது. செப்டம்பர் 18, சொந்த அரங்கில் யாங்கீஸோடு ஆட்டம். மூன்றாம் பேஸில் நட்சத்திர ஆட்டக்காரர் நிற்கிறார், ரன் 90 அடி தூரத்தில். பேட்டர் பலம்கொண்ட மட்டும் சுழற்றுகிறார். பந்து மட்டையில் படவில்லை, மட்டை கையை விட்டு நழுவி மூன்றாம் பேஸ் பக்கம் பறக்கிறது. ஸ்ட்ரைக் அவுட். பேஸில் நின்றவர் மட்டைக்காக விலகியதும் யாங்கீஸ் கேட்ச்சர் மூன்றாம் பேஸுக்கு எறிகிறார். பந்து இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. அவரும் அவுட். அந்த ஆட்டம் பத்து இன்னிங்ஸில் 2-1 என்று தோல்வி. அதே யாங்கீஸ் தொடரில், மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது ஒருவர் ஹோமைத் திருட, அதாவது பந்து அடிக்கப்படாமலே ஹோமை எட்டிவிட, ஓடி மாட்டிக்கொண்டார். ரன் வராத அணியில் பதற்றம் இப்படித்தான் வெளிப்படும்: எப்படியாவது ஒன்றைப் பறித்துவிட வேண்டும் என்று.

முடிவில் 85 வெற்றி, 77 தோல்வி. பிளே ஆஃபின் கடைசி இடங்களைப் பிடித்த கான்சாஸ் சிட்டியும் டெட்ராய்டும் 86 வெற்றி. இரண்டாவது ஆண்டாக ஒரே ஒரு ஆட்டம். சதவீதத்தில் 52.5, அந்த 54ஐக்கூட எட்டவில்லை என்று சொல்லிக்காட்ட யாரும் மறக்கவில்லை.

2025இல் படம் தலைகீழானது. தொடக்கப் பிட்ச்சர்களில் பலர் காயத்தில் படுக்க, மட்டைகள் பேசின. கேட்ச்சர் ஒருவரே 60 ஹோம் ரன் அடித்தார். எட்கர் பேட்டிங் வியூகப் பொறுப்பில் தொடர, அன்றாடப் பயிற்சிக்கு வேறொருவரை அமர்த்தினார்கள். ஜூலையில் அரிசோனாவிலிருந்து இரண்டு பேட்டர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர், ஸ்ட்ரைக் அவுட் அதிகம் என்று 2023 கடைசியில் இதே நிர்வாகம் மாற்றிவிட்ட அதே ஆள். அக்டோபரில் லீக் இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க அவர் அடித்த ஹோம் ரன்தான் வெற்றியைத் தந்தது. ஏழாவது ஆட்டத்தில் டொரோண்டோவிடம் 4-3 என்று தோற்று, உலகத் தொடர் வாசலில் நின்றது அணி. அந்தத் தோல்விக்குப் பின் ரசிகர்கள் மட்டையைப் பற்றிச் சண்டை போடவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் எந்தப் பிட்ச்சரை அனுப்பியிருக்க வேண்டும் என்றுதான் சண்டை.

மாற்றிச் செய்திருக்கக்கூடியவை

முதலாவதாக, 2023 குளிர்காலம். ஸ்ட்ரைக் அவுட் அதிகம் என்பதை மட்டும் பார்த்து ஆளை விடுவது, அந்த ஆள் தரும் ஹோம் ரன்களைக் கணக்கில் கழித்துப் பார்க்காத முடிவு. குறைந்த ஸ்ட்ரைக் அவுட் வேண்டுமென்றால், அந்த இயல்புள்ளவரை விலை கொடுத்து வாங்க வேண்டும். 2025 ஜூலையில் அரிசோனாவிலிருந்து வந்த மற்றவர் அப்படிப்பட்டவர்தான்.

மேலாளரை மாற்றுவதாக இருந்தால் ஜூலை நடுவில், ஆல் ஸ்டார் இடைவேளையில் மாற்றியிருக்கலாம். முன்னிலை அப்போது கரைந்துகொண்டிருந்தது. இன்னும் அறுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் கையில் இருந்தன. ஓர் ஆட்டத்தில் சீசன் போன நிலையில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் முதலிடத்தில் இருக்கும் அணியின் மேலாளரை நீக்க எந்த நிர்வாகத்துக்கும் மனம் வராது என்பதும் உண்மை. எந்த நாளில் மாற்றினாலும், சம்பந்தப்பட்டவரிடம் நேரில் சொல்லிவிட்டு அப்புறம் ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ரன் வறட்சியை மதிப்பிடும்போது சொந்த அரங்கம், வெளியூர் என்று பிரித்து, அந்தந்த ஆண்டின் லீக் சராசரியோடு வைத்துப் பார்ப்பது நிர்வாகத்துக்கு வழக்கமான வேலை. அதை ரசிகர்களிடம் சொல்வதுதான் நடக்கவில்லை. 54 சதவீதம் என்று சொல்ல முடிந்தவர்களால், 993ஐ ஏன் இன்று எதிர்பார்க்க முடியாது, 676 ஏன் அப்படியும் போதாது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்க முடியும். அரங்கத்தைப் பொறுத்தவரை, பேட்டர்கள் வரத் தயங்கும் இடம் என்று தெரிந்தபின் கூடுதல் பணம் கொடுப்பது, இருக்கிற நல்ல பேட்டர்களை விடாமல் வைத்துக்கொள்வது, சொந்தப் பண்ணை அணிகளில் (இளைய ஆட்டக்காரர்களை வளர்க்கும் கீழ்மட்ட அணிகள்) வளர்த்தெடுப்பது ஆகிய மூன்று வழிகள்தான் உண்டு. கடைசி வழியில் வந்தவர்தான் அந்த 60 ஹோம் ரன் கேட்ச்சர்.